வாளிக்குத் தொப்புள் உண்டு, பார்த்திருக்கிறீர்களா?

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, குளியலறையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நட்டநடுவில் சின்னதாக ஒரு புள்ளி, விரலால் தடவினால் நிரடும். அதுதான் வாளியின் தொப்புள். அந்த வழியாகத்தான் மொத்த வாளியும் அச்சுக்குள் போயிருக்கிறது!

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து பேசுகிறேன், சாமான் எல்லாம் அடுக்களையில் இருந்து எடுத்ததுதான்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருணை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி, ஊசி போடுவதுபோல இரும்பு அச்சுக்குள் அழுத்தி ஏற்றினால் வாளி, நாற்காலி, பாட்டில் மூடி. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்பது இதுதான், 1872-லேயே அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் இதற்கு ஒரு இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மூடிய அச்சு இல்லாமல், முறுக்கு உரலில் பிழிவதுபோல விடாமல் பிழிந்தால் பிவிசி பைப்.

சரி, இப்போது குடம். (குடத்தைக் கவிழ்க்கிறேன்.) இதில் புள்ளி இல்லை, கோடு இருக்கிறது, பாருங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு வரும் பலூன்காரர் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பலூனை ஊதினால் பலூன் பெட்டி உருவத்துக்குத்தானே வரும்? உருகிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டு பாதி அச்சையும் அதன்மேல் சாத்தி, உள்ளே காற்றை ஊதுகிறார்கள். அச்சு சாத்தும்போது குழாயின் அடியைக் கிள்ளி மூடிவிடும், அந்தக் கிள்ளின தழும்புதான் இந்தக் கோடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது சோடா பாட்டில், இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேச விடுங்கள். நதானியேல் வயத் என்று ஒரு பொறியாளர், காலி சோப்புத் திரவ பாட்டிலில் இஞ்சி சோடாவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தார், மறுநாள் அது உப்பிப்போய் நின்றது. வாயுவைத் தாங்க அந்த பிளாஸ்டிக்கில் வலு இல்லை. அவருக்கு விடை கிடைத்தது இழுப்பதில். முதலில் சோதனைக் குழாய் மாதிரி தடிப்பாக ஒரு குட்டிக் குழாயை வார்க்கிறார்கள், மரையோடு கழுத்து அப்போதே முழு அளவில் தயார். அப்புறம் அதைச் சூடாக்கி, ஒரு கம்பியால் நீளவாக்கில் தள்ளி, காற்றால் அகலவாக்கில் ஊதுகிறார்கள். உள்ளே கண்டபடி சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் நெடுக்கும் குறுக்குமாகப் படுத்துக்கொள்கின்றன, நம் பத்தமடைப் பாயில் நூலும் கோரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற மாதிரி. தாள் கனத்தில் இருந்துகொண்டு சோடாவின் அழுத்தத்தைத் தாங்குவது அதனால்தான். 1973-ல் காப்புரிமை கிடைத்தது. எவ்வளவு அழகான யோசனை!

இந்த பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் (பெரியவர்கள் மட்டும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, கையில் பிடிக்காமல்) உடம்பு கோணிச் சுருங்கிவிடும். உருகவில்லை, இழுத்துப் பிடித்திருந்தது விட்டுப்போய், பழைய குட்டிக் குழாயாகத் திரும்பப் பார்க்கிறது. கழுத்தை யாரும் இழுக்கவே இல்லை, அது அப்படிச் சுருங்காது. வெந்நீரையும் டீயையும் இந்த பாட்டிலில் வாங்காதீர்கள் அக்கா, தயவுசெய்து.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஆப்பம்தான். சட்டியைச் சுழற்றினால் மாவு ஓரமெல்லாம் படர்கிறது இல்லையா, அதேபோல பிளாஸ்டிக் பொடியை அச்சுக்குள் போட்டு, சூட்டில் இரண்டு பக்கமாகவும் மெதுவாக உருட்டுகிறார்கள். அழுத்தமும் கிடையாது, ஊசியும் கிடையாது, அதனால் தொப்புளும் கிடையாது. தயிர் டப்பா, சூடான பிளாஸ்டிக் தகட்டை அச்சோடு உறிஞ்சி ஒட்டவைப்பது.

உங்கள் வீட்டில் புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல் ஏதாவது சாமான் இருந்தால், அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அது எப்படிப் பிறந்தது என்று அடுத்த வீடியோவில் சேர்ந்தே கண்டுபிடிப்போம்.