மரியா மயங்கி விழலாமா?

நேயர்களுக்கு வணக்கம். மறுமலர்ச்சிக் காலச் சமய ஓவியங்களில் துயரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல ஓவியங்களை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை மட்டும் நின்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ என்ற ஓவியம் இருக்கிறது. 1435 வாக்கில் ரோகியர் வான் டெர் வெய்டன் ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. கேட்டு வாங்கியவர்கள், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவன் நகரத்துக் குறுக்குவில் வீரர்களின் சங்கத்தார். ஓவியத்தின் மேல் மூலைகளில் குட்டிக் குறுக்குவில்கள்கூட உண்டு. விளம்பர ஆசை அன்றும் இருந்திருக்கிறது!

பொன்னிறப் பின்னணி, ஆழமில்லாத ஒரு பேழைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பின்னால் வானமில்லை, மலையில்லை. கண் ஓடி ஒளிய இடமே இல்லை. முகங்களில் கண்ணீர்த் துளிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நடுவில் இயேசுவின் உடல் சரிந்து இறங்குகிறது. கீழே, நீல ஆடையில் மரியா மயங்கிச் சரிகிறார். மகனின் உடல் எப்படி வளைந்திருக்கிறதோ, அப்படியே தாயின் உடலும் வளைந்திருக்கிறது. மகனின் கை தொங்குவதுபோலவே தாயின் கையும் தொங்குகிறது. முகத்தில் இரத்தமே இல்லை. மகன் பட்ட பாட்டைத் தாயும் பட்டாள் என்பதை ரோகியர் உடல்களாலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் இந்த மயக்கம் இறையியலில் ஒரு சர்ச்சையாகவே ஆனது. யோவான் நற்செய்தியில் மரியா சிலுவையருகே நின்றார் என்றுதான் இருக்கிறது. விழுந்தார் என்று இல்லை. 1506இல் தொமினிக்கன் துறவி கஜேத்தான், பின்னாளில் கர்தினால் ஆனவர், இதைப் பிடித்துக்கொண்டார். மயக்கத்துக்கு விவிலியச் சான்று இல்லை, அது மரியாவின் மாண்புக்கும் பொருந்தாது என்று எழுதினார். எதிர்த்தரப்புக்கும் லூக்கா நற்செய்தி இருந்தது: உம் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று, கோவிலில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் மரியாவிடம் சொல்லியிருக்கிறாரே!

எனக்குக் கஜேத்தானின் வாதம் புரிகிறது. மனம் மட்டும் ரோகியர் பக்கமே சாய்கிறது. பெற்ற பிள்ளையின் பிணத்தை இறக்கும் இடத்தில் தாய் நிமிர்ந்து நின்றாக வேண்டும் என்று யார் கட்டளையிட முடியும்?

1563இல், கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களுக்கு நெறிகள் வகுத்த பிறகு, மயங்கும் மரியாவின் மேல் கண்டனம் இன்னும் வலுத்தது. ஆனால் கத்தோலிக்க உலகின் கண்டிப்பான காவலராகத் தம்மைக் கருதிய ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், இந்த ஓவியத்தைத் தம் எஸ்கோரியல் மடாலயத்தில்தான் வைத்தார். மரியா மயங்கியபடியேதான்.