வெள்ளைக் குதிரையில் மஞ்சள் கறை: சவர்க்காரத்தைக் கீழே வையுங்கள்

(காட்சி: விடியப்புறம். கொட்டில். டோர்ச் வெளிச்சம்.)

வணக்கம். இது கோப்பாய்ப் பக்கம் எங்கள் வளவு. நேரம் காலை ஐந்தேகால். உள்ளே நிற்பவள் வெள்ளைச்சி, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் எங்கள் வெள்ளைக் குதிரை. இடப்பக்கம் பாருங்கள், தோய்த்துக் காயவைத்த வேட்டி மாதிரி இருக்கிறாள். இப்போது சுற்றி வலப்பக்கம் வருவோம். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேத்தண்ணி நிறம். பின்னங்கால் முட்டியில் இன்னொன்று, பச்சையும் மஞ்சளும் கலந்தது. இராத்திரி எந்தப் பக்கம் சரிந்து படுத்தாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பார்கள். பாதி உண்மை. கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும். ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்கத்தான் வேண்டும். நாள்கணக்கில் படுக்க முடியாத குதிரை நின்ற இடத்திலேயே தூங்கித் தள்ளாடி முழங்கால் மடங்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கலியாணத்துக்கு முதல் நாள் கறை படாமல் கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. கறையை எடுக்கலாம். தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதல் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு இவளைக் கேட்டிருந்தார்கள். ஏழரைக்கு முகூர்த்தம். விடியப் பார்த்தால் தொடையில் இதே கறை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி, கிணற்றுத் தண்ணீர், தும்பு. உரஞ்சினேன், உரஞ்சினேன், கை வலிக்க உரஞ்சினேன். ஈரத்தில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. காய்ந்ததும் மஞ்சள் அப்படியே நின்றது, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வேறு. உடனே வீட்டுக்குள் ஓடி, வேட்டிக்குப் போடும் நீலத்தை எடுத்து வந்து கொஞ்சம் தாராளமாகவே கரைத்து ஊற்றினேன். அன்றைக்கு மாப்பிள்ளை நீலக் குதிரையில் போனார். அந்த வீட்டு அல்பத்தில் இன்றைக்கும் இருக்கும்.

அன்று விட்ட பிழைகளில் பெரியது சவர்க்காரம். ஏன் என்று பார்ப்போம்.

(காட்சி: ஒரு கண்ணாடிக் குவளை. அடியில் வெண்மையாகக் கலங்கல்.)

குதிரையின் மூத்திரம் இது. முகம் சுளிக்காதீர்கள். மனிதருடையது போல் தெளிவாக இல்லை, பால் விட்டது போல் கலங்கி இருக்கிறது. நோய் இல்லை, குதிரைக்கு இது இயல்பு. தீனியில் மிஞ்சிய கல்சியத்தைக் குதிரையின் உடம்பு மூத்திரத்தோடுதான் வெளியே தள்ளும். அது கல்சியம் காபனேற்றுத் துணுக்குகளாக மிதக்கிறது. அதாவது, சுண்ணாம்பு. அதோடு காற்றுப் பட்டால் கபிலமாகும் சேர்வைகளும் மூத்திரத்தில் இருக்கின்றன. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுக்கிறதே, அந்த இனத்து வேலைதான். அதனால்தான் இரவில் மஞ்சளாகப் பட்டது விடியும்போது தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது.

அப்புறம் மணம். கொட்டிலில் மூக்கைத் துளைக்கிறதே, அது அமோனியா. மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைப்பதால் வருவது. அமோனியா காரம். உறைப்பைச் சொல்லவில்லை, புளிப்புக்கு எதிரான குணத்தைச் சொல்கிறேன். உரோமத்தின் மேற்புறம் ஓட்டுக்கூரை மாதிரி, செதிலுக்கு மேல் செதிலாக அடுக்கியிருக்கும். காரம் பட்டால் உரோமம் ஊதி, அந்த ஓடுகள் கிளம்பும். கிளம்பிய இடுக்கில் நிறம் இறங்கும். லத்தியின் பச்சையும் அதே வழியில்தான் போகிறது. காலையில் கண்டவுடன் துடைத்தால் பச்சைத் தண்ணீரிலேயே முக்கால்வாசி போகும். இரண்டு நாள் விட்டால் ஓட்டுக்கு அடியில் குடியேறிவிடும்.

இப்போது சவர்க்காரத்துக்கு வாருங்கள். அதுவும் காரம். கிளம்பிய ஓட்டை இன்னும் கிளப்பும். சலவைச் சோடா, அப்பச்சோடா, சாம்பல் எல்லாம் அதே குலம். போதாக்குறைக்கு நம்முடைய தண்ணீர். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழை அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை கட்டியிருக்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சேர்ந்தால் நுரையாகாமல் தயிர் போலத் திரியும். அந்தத் திரியல் உரோமத்தில் ஒட்டிக் காய்ந்ததுதான் நான் கண்ட சாம்பல் வட்டம். இதில் இன்னொரு கூத்து, அந்தப் பசை அடுத்த இரவின் ஊத்தையையும் இழுத்து வைத்திருக்கும். கழுவக் கழுவக் கறை கூடுகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது? காரம் செய்ததைப் புளிப்பால் அவிழ்க்க வேண்டும்.

ஆனால் முதலில் தண்ணீரே வேண்டாம். இது ஐயா சொல்லித் தந்தது. அவர் சவாரி மாடு வளர்த்தவர். பட்டிப் பொங்கலன்று வெள்ளை மாட்டைக் குளிப்பாட்ட நாங்கள் வாளியோடு ஓடுவோம். "ஊத்தை காயட்டும், முதலில் தட்டு" என்று மறிப்பார். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்று இந்தப் பக்கமெல்லாம் செம்மண். அதன் சிவப்பு இரும்பிலிருந்து வருவது. நீங்கள் ஊற்றும் முதல் வாளித் தண்ணீர் அந்தத் தூளைச் சாயமாக்கி உரோமத்தின் அடிவரை இறக்கும். காய்ந்திருந்தால் அது வெறும் தூசி.

(காட்சி: ரப்பர்த் தேய்ப்பான், கிட்ட.)

இப்படி, சின்னச் சின்ன வட்டமாக. எலும்பு தெரியும் இடங்களில் மெதுவாக. பாருங்கள், தூளோடு உதிர்ந்த உரோமமும் சேர்ந்து வருகிறது. பிறகு தூரிகையால் உரோமம் படிந்த வாக்கில் தள்ளுங்கள். நான்கு தள்ளலுக்கு ஒருமுறை தூரிகையைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் எடுத்த தூசியை நீங்களே மறுபடி பூசுவீர்கள். பனந்தும்புத் தூரிகை வேண்டாம், தோலைக் கீறும்.

இப்போது வினாகிரி. கடையில் கிடைக்கும் நிறமில்லாத வெள்ளை வினாகிரி ஒரு கோப்பை, தண்ணீர் இரண்டு கோப்பை. பழைய பருத்திச் சேலைத் துண்டை நனைத்துப் பிழிந்து, கறையின் மேல் வைத்துப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வெள்ளைச்சிக்கு இந்த இடைவேளை பிடிக்கும், என் சட்டைப் பையைத் துழாவுவாள். வினாகிரி அந்த நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. நிறத்தோடு சேர்ந்து இறுகிய சுண்ணாம்பைக் கரைக்கிறது, கேத்திலின் படையைக் கரைப்பது போலவே. காரத்தையும் முறிக்கிறது. பிறகு துணியின் சுத்தமான பக்கத்தால் உரோமத்தின் வாக்கில் இழுத்துத் துடையுங்கள். துணியில் ஏறியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். சாயத்தேத்தண்ணி வடித்த துணி போல இல்லையா? மடித்து, இன்னொரு பக்கம். இரண்டு மூன்று தடவை இப்படியே.

தேசிக்காய் போடலாமா என்று கேட்பீர்கள். புளிப்பு உண்டுதான், ஆனால் நான் போடுவதில்லை. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கொப்பளிக்கக் கூடும். வெள்ளைக் குதிரையின் மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோல் இருந்தால் அது வெயிலுக்கே தாங்காது. அரப்பு நல்ல சாமான், நம் தண்ணீரில் சவர்க்காரம் போலத் திரியாது. ஆனால் அதன் பச்சை வெள்ளை உரோமத்தில் இலேசாக நிற்கும், மாப்பிள்ளைக் குதிரைக்கு ஒத்து வராது. குளோரின் பக்கமே போகாதீர்கள். தோலையும் உரோமத்தையும் அரிப்பது ஒருபுறம். மூத்திரத்தின் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் நச்சு வாயு வரும். மூடிய கொட்டிலுக்குள் உங்களுக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

கறை இளகிய பிறகுதான் ஷாம்பு. கையில் ஊற்றி நேரே பூசாமல், வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கரைத்துப் பஞ்சால் பூசுங்கள். குதிரை ஷாம்பு கிடைக்காவிட்டால் குழந்தைகளின் ஷாம்பு போதும். ஷாம்பு சவர்க்காரம் அல்ல, சுண்ணத் தண்ணீரிலும் நுரைக்கும். ஐந்து நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். பிறகு அலசல். இதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். வயிற்றுக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். அதில் வழவழப்பு இருந்தால் இன்னும் ஊற்றுங்கள். முடிந்தால் கடைசி இரண்டு வாளி மழைத்தண்ணீர். கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளிக்குள் அரைக் கோப்பை வினாகிரி விட்டு மேலால் ஊற்றுங்கள். கண், மூக்கு, புண் உள்ள இடங்களில் படக் கூடாது.

வாலை மறக்க வேண்டாம். வாளியை உயர்த்தி வாலை அதற்குள் அமிழ்த்தி ஊறவிடுங்கள், சிக்கை நுனியிலிருந்து மேலாக விரலால் எடுங்கள். வாலைத் தூக்கிய கையோடு அதன் அடியையும் தடவிப் பாருங்கள். நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளை அல்ல. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, வயதோடு நரைத்தவை. உரோமத்தைப் பிரித்தால் அடியில் தோல் கறுப்பாக இருக்கும். இப்படி நரைக்கும் குதிரைகளுக்கு வயது ஏற ஏற வாலடியில், ஆசனவாயைச் சுற்றிக் கறுப்புக் கட்டிகள் வருவது வழக்கம். அது ஊத்தை அல்ல, ஒருவகைப் புற்று. பல வருடம் சும்மா கிடக்கவும் கூடும். தேய்க்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீலம் பற்றிச் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். நீலம் கறையை எடுப்பதில்லை, கண்ணை ஏமாற்றுகிறது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை போலத் தோன்றும். நரைமுடிக்கு விற்கும் ஊதா ஷாம்புவும் இதே வித்தைதான், அதையே வாங்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அலசிவிட வேண்டும். கறை போன பிறகு மிஞ்சும் மங்கலுக்குத்தான் அது. கறைக்கு மேலேயே போட்டால் என்னைப் போல ஆவீர்கள்.

முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் இருக்கிறது, குளிப்பாட்ட நேரமில்லை என்றால்? பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டைத் துணியில் கொஞ்சம் நனைத்து லத்திப் பச்சையைத் துடையுங்கள். செடியின் பச்சை தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். காய்ந்ததும் கோர்ன்ஃபிளவர் மாவைத் தட்டி, தூரிகையால் உதறி விடுங்கள். அடிக்கடி செய்தால் தோல் வறண்டு போகும். அவசரத்துக்கு மட்டும்.

(காட்சி: நெடுந்தீவு. வெட்டையில் குதிரைகள்.)

இது நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை. லாயத்தின் இடிபாடுகளும் இங்கே இருக்கின்றன. இவற்றுக்கு ஷாம்பு போடுவார் இல்லை, கோடையில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பாடு. ஆனாலும் தொடையில் மஞ்சள் வட்டம் காணக் கிடைக்காது. தன் லத்தியிலேயே படுக்க வேண்டிய கட்டாயம் இவற்றுக்கு இல்லை. அந்தக் கட்டாயத்தை உண்டாக்குவது நம் கொட்டில்.

ஆகவே கொட்டிலைக் கொஞ்சம் பார்ப்போம். நிலத்துக்குச் சரிவு வேண்டும், மூத்திரம் ஓடிப் போக. வைக்கல் மேலால் காய்ந்தது போலத் தெரியும், அடியில் சதசதவென்று கிடக்கும். தடிப்பாகப் போட்டு ஈரத்தைத் தினமும் எடுங்கள். தும்புத்தூள் நன்றாக உறிஞ்சும். ஆனால் கழுவாத தும்புத்தூள் நனைந்தால் அதுவே கபிலச் சாயம் விடும், நான் பட்டவன். சில மரத்தூளும் அப்படித்தான். ஒரு பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டு, ஒரு இரவு கழித்துத் துணியின் நிறத்தைப் பாருங்கள். மணல் வேண்டாம். தீனியோடு உள்ளே போனால் வயிற்றுக்குள் சேர்ந்து வலி எடுக்கும். இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை கூடையோடு போய் லத்தியை அள்ளுங்கள். பத்து நிமிட வேலை. விடிய ஒரு மணித்தியாலம் மிச்சம்.

மாரியில் முழுக்குளிப்பைக் குறையுங்கள். நாள்முழுக்க ஈரமாக நிற்கும் உரோமத்தில் பொருக்கு எழும்பும், அதை மாற்றுவது கறையை விடப் பாடு. அந்த மாதங்களில் கறை உள்ள இடத்தை மட்டும் வினாகிரியால் துடைத்தால் போதும்.

(காட்சி: வெயில். ஈரக் குதிரை. கையில் கயிறு.)

தண்ணீரை வழித்து எடுத்தாயிற்று. இப்போது கயிற்றை விட்டுவிடாதீர்கள். குளித்த குதிரைக்கு உடம்பு அரிக்கும், எங்கே புழுதி என்று தேடும். நேற்று ஒரு போன் வந்தது, எடுக்க ஒரு கையைத்தான் விட்டேன்.

(காட்சி: செம்மண்ணில் நான்கு காலும் மேலே. வெள்ளைச்சி.)

காயட்டும். முதலில் தட்டுவோம்.