வெளியிடுமுன் ஒருமுறை கரைக்கு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசிச் செயலிகள் மக்கள் கைக்குப் போகுமுன் அவற்றைச் சோதித்துப் பார்க்கும் வேலையை நான் பல காலமாகச் செய்துவருகிறேன். செயலி பழுதின்றி இயங்குகிறதா என்று பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைத் திறந்தவர், எண்ணி வந்த காரியத்தை முடித்துக்கொண்டுதான் வெளியேறுகிறாரா என்று முதல் திரை முதல் கடைசித் திரை வரை உடன் நடந்து பார்ப்பவர்கள் குறைவு. இன்று அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

மின்கட்டணம் செலுத்தவோ பயணச்சீட்டு எடுக்கவோ கைப்பேசியைத் திறந்து, நாலைந்து திரைகள் தாண்டியபின் எதை அமுக்குவதென்று தெரியாமல் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அப்போது நம் அறியாமையையே நாம் நொந்துகொள்கிறோம். அப்படி நொந்துகொள்ள வேண்டாம். நீங்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் அதை வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் விட்ட இடம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், நம் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகையையும் இயந்திரத்தையும் பார்த்துச் சீர்செய்கிறோம். நடுக்கடலில் செய்ய முடியாததைக் கரையில் செய்துகொள்கிறோம். செயலிக்கு வெளியீட்டுக்கு முந்தைய நாட்கள் அத்தகையவை. வெளியிட்டபின் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால், திருத்திய பதிப்பை இறக்கிக்கொள்ள டேட்டா இல்லாதவரும், கைப்பேசியில் இடமில்லாதவரும் பழையதையே வைத்திருப்பார்கள். முதல் நாளே இடறியவர் செயலியை நீக்கியிருப்பார்.

பாம்பன் பக்கம் நடந்த ஒரு சோதனையை நான் எங்கே பேசினாலும் சொல்வது வழக்கம். நாட்டுப்படகில் செல்பவர்கள், தாம் கொண்டுவந்த நண்டு, கணவாயின் எடையைப் பதிந்து வியாபாரிகளிடம் விலை கேட்பதற்கென்று ஒரு நிறுவனம் செயலி செய்திருந்தது. அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, தடையற்ற இணையத்தில், எல்லாத் திரைகளும் சரியாகவே இருந்தன. கரையில் ஒரு மீனவர் அதைத் தம் கைப்பேசியில் திறந்தார். வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்துகள் தெரியவில்லை. ஈர விரலைத் திரை சரியாக உணரவில்லை. கைலியில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். நண்டைப் படமெடுத்தார். எடையைக் கேட்ட இடத்தில் எண்களுக்குப் பதிலாக எழுத்துப் பலகை எழும்பியது. அதையும் சமாளித்தார். பிறகு செயலி ஓ.டி.பி. எண்ணைக் கேட்டது. அது போய்ச் சேர்ந்ததோ வீட்டில் மனைவியிடம் இருந்த கைப்பேசிக்கு, ஏனெனில் பதிவு செய்த எண் அதுதான். மனைவியை அழைத்துக் கேட்பதற்காகச் செயலியை விட்டு வெளியே வந்தவர், எண்ணைத் தெரிந்துகொண்டு திரும்பியபோது முதல் திரை நின்றது. படமும் போயிற்று, எடையும் போயிற்று.

இதில் குற்றம் எந்தத் திரையில் இருக்கிறது? தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எழுத்து நிறம், எண் பலகை என்று சில குறைகளைச் சொல்லலாம். அவரைத் தோற்கடித்த குறை, ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் இடையில் இருந்தது. வழி முழுவதையும் நடந்து பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது. ஆகவேதான் சொல்கிறேன், திரைகளைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்.

அவர் சலித்துப்போய்க் கைப்பேசியை மகனிடம் கொடுத்தார், மகன் முடித்துவிட்டான். நிறுவனத்தின் கணக்கில் அது வெற்றிகரமாக முடிந்த ஒரு பதிவு. அந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தந்தை தோற்றது என்றைக்கும் தெரியவராது.

உடனிருந்து பார்ப்பவருக்கு மிகக் கடினமானது வாய்மூடி இருப்பது. "தம்பி, இதுக்கப்புறம் எதை அமுக்கணும்?" என்று கேட்கும்போது சொல்லிக்கொடுக்கக் கை துடிக்கும். சொல்லக் கூடாது. "நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணே?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எழுந்த இடமே நாம் தேடி வந்தது.

ஆட்களை அழைக்குமுன் நாமே நடந்து பார்க்கவும் முறைகள் உண்டு. மக்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி திரைகளை அமைப்பதை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்த மதிப்பாய்வு முறையும், நீல்சன் 1994-இல் செம்மைப்படுத்திய பத்து விதிகளும் இன்றும் பயன்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் மூன்றைக் கேட்டாலே பாதிக் குறைகள் வெளிப்படும் என்பது என் அனுபவம்: இங்கே என்ன செய்ய வேண்டும் என்று இவருக்குத் தெரியுமா, அதற்கான பொத்தான் கண்ணில் படுகிறதா, அமுக்கியபின் காரியம் நடந்ததை அறிகிறாரா. ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்று நீல்சன் எழுதியது புகழ்பெற்றது. ஆனால் அது ஒரே வகையான ஐந்து பேரைக் குறிக்கும். இராமநாதபுரத்தில் அலுவலகம் செல்லும் ஐந்து பேரிடம் சோதித்துவிட்டு, மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் சரியாக இருக்கும் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். கண்ட குறைகளை வரிசைப்படுத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக: காரியத்தையே நிறுத்துவது முதலில், தாமதப்படுத்துவது அடுத்து, கண்ணை உறுத்துவது கடைசியில். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கட்டும். திருத்தியபின், பழகிவிட்ட அதே ஆட்களை விட்டுப் புதியவர்களிடம் கொடுத்து, முதல் திரையிலிருந்து மீண்டும் நடக்கவிடுங்கள். வணக்கம்.