ஊர் வாயும் ஒரு பின்னறையும்

(கோத்தகிரியில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் குடையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற சிறு தேயிலை விவசாயிகள் சங்கச் செயலாளர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிற செவிலியர் சகோதரியே, பொன்னாடையைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்த பொருளாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பசுந்தேயிலை விலை பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார் செயலாளர். நேரமிருந்தால் சொல்கிறேன்.

பிள்ளையில்லாதவர்களின் மனபாரம் பற்றி மூன்று செய்திகள்: ஊர்ப் பேச்சு, கணவன்மார், சிகிச்சையை எப்போது நிறுத்துவது.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பார் என் மாமியார். ஊர் வாயில் பாதி அவருடையதுதான்.

1994. கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, அந்த மாதமும் இல்லை என்று தெரிந்து, மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறினோம். மடியில் மஞ்சப்பை, அதற்குள் ஃபைல். குஞ்சப்பனை தாண்டியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட் அம்மா முதுகைத் தடவி, "எத்தனை மாசம் கண்ணு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மசக்கைச் செய்தி பஸ் முழுக்கப் பரவிவிட்டது. கண்டக்டர் முன்சீட்டைக் காலி செய்துகொடுத்தார். யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள். ஒரு பாட்டி மாங்காய்த் துண்டில் உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டுக் கையில் திணித்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "உள்ளே புள்ளத்தாச்சி இருக்குய்யா!" என்று கத்தினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாங்காயைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அரவேணுவில் இறங்கும்போது அந்த அம்மா என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வளைகாப்புக்குச் சொல்லி அனுப்பு" என்றார்.

என் கணவர் மூன்று வரிசை பின்னால் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. அவர் விந்துப் பரிசோதனைக்குப் போனது நாலு வருஷம் கழித்து. அதுவரை ஊசியெல்லாம் எனக்கு. இதைச் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன். இன்றும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. 12 மாதம் முயன்றும் தங்கவில்லையென்றால் இருவருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அரசமரத்தைச் சுற்ற யாரை அனுப்புகிறோம்?

ஊர் வாயை மூட முடியாதுதான். அது எட்டாத ஓர் அறை கிடைக்குமல்லவா? இந்த வாசகசாலையின் பின்னறையில் பழைய பேப்பர்க் கட்டும் உடைந்த கேரம் போர்டும் கிடக்கின்றன. மூன்று மாதமாக மனு கொடுக்கிறேன். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை போதும். வைத்தியம் சொல்கிறவர்கள் வரவேண்டாம். "தத்தெடுக்கலாமே" என்று அங்கே யாரும் ஆரம்பிக்கக் கூடாது. அது அவரவர் நேரத்தில் எடுக்கிற முடிவு. தங்கை வளைகாப்புக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தவள் உட்கார்ந்து அழ ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் டீ. கணவனும் வரட்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை. நடுராத்திரியில் தாங்கவில்லையென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது செய்தி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தேயிலை விலையும் போயிற்று, செயலாளர் மன்னிக்க வேண்டும். ஐயா, பின்னறைச் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கேரம் போர்டை நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.