லாகின் திரை வரவில்லையா? முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் புதிதாக லினக்ஸ் நிறுவியாயிற்று. பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கியும் ஆயிற்று. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிற திரை இப்போது வந்தாக வேண்டும். வரவில்லை. கறுப்பாக இருக்கிறது, அல்லது வெறும் எழுத்து மட்டும் இருக்கிறது. உடனே கை எங்கே போகிறது? பென் டிரைவை எடுத்து மறுபடியும் நிறுவத்தான் போகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பு செய்த அதே தேர்வுகளைத்தான் மறுபடியும் செய்வோம், அதே கறுப்புத் திரைதான் மறுபடியும் வரும். பத்தில் ஒன்பது நேரம் உள்ளே இயங்குதளம் நலமாக ஓடிக்கொண்டிருக்கும். முகம் காட்டுகிற ஒரு நிரல் மட்டும் எங்கோ தடுக்கி நிற்கும். அது எங்கே என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கட்டளைகளை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் திரையைப் பாருங்கள். 'வரவில்லை' என்பதிலேயே நாலு விதம் உண்டு. மானிட்டரே 'நோ சிக்னல்' என்று சொன்னால், கேபிளைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மதர்போர்டு துளையில் கேபிளைச் செருகியிருப்பது மிகவும் சாதாரணமாக நடப்பது. இரண்டு மானிட்டர் இருந்தால் லாகின் திரை மற்றொன்றில் போய் உட்கார்ந்திருக்கலாம். அந்த மற்றொன்று அணைந்திருந்தால் நமக்குத் தெரியவா போகிறது? இரண்டாவது, நிறுவனச் சின்னம் வந்து அப்படியே உறைந்து நிற்பது. மூன்றாவது, முழுக் கறுப்பு, இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று. நாலாவது, கணினியின் பெயரும் பக்கத்தில் 'லாகின்' என்ற சொல்லும், கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தில். பலரும் பயப்படுவது இந்த நாலாவதைப் பார்த்துத்தான். உண்மையில் நாலிலும் நல்ல செய்தி அதுதான். பெரும்பாலும் எல்லாம் வேலை செய்கிறது, வரைகலைத் திரையைத் தொடங்கு என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உறைந்தோ கறுத்தோ நின்றால் கேப்ஸ் லாக் விசையை இரண்டு முறை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைகிறது என்றால் லினக்ஸின் மையமான கெர்னல் உயிரோடு இருக்கிறது. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் 3. மடிக்கணினி சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். எழுத்துத் திரை ஒன்று வந்து 'லாகின்' என்று கேட்கும். லினக்ஸ் ஒரே நேரத்தில் இப்படிப் பல திரைகளை வைத்திருக்கிறது. வரைகலைத் திரை பெரும்பாலும் எஃப் 1-இலோ 2-இலோ இருக்கும், மற்றவை எழுத்துக்கு. இந்த மூன்று விசைகளை மட்டும் மறக்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3. நான் சொல்லப்போகிற பெரும்பாலான வேலைகளுக்கு இதுதான் வாசல்.

அங்கே பெயரை, நிறுவும்போது கொடுத்தபடியே, சிறிய எழுத்தில் அடியுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. நட்சத்திரமும் வராது, புள்ளியும் வராது, கர்சர் நகரவும் செய்யாது. விசைப்பலகை செத்துவிட்டது என்று இங்கேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். அப்படியில்லை, எழுத்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. முழுவதும் அடித்து என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்டில் எண் இருந்தால், எண் விசைகளுக்கான 'நம் லாக்' விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்தாயிற்று. இனி என்ன நடந்திருக்கும் என்று யோசிப்போம். கணினியைத் தொடங்கியதும் வேலை கை மாறிக் கை மாறிப் போகிறது. மதர்போர்டிலிருந்து இயங்குதளத்தை எழுப்புகிற க்ரப், க்ரப்பிலிருந்து கெர்னல், கெர்னலிலிருந்து மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கிற சிஸ்டம்டி, சிஸ்டம்டியிலிருந்து டிஸ்ப்ளே மேனேஜர். இந்தக் கடைசி ஆள்தான் லாகின் திரையை வரைகிறவர். பழைய வேலைதான் இது. எக்ஸ்டிஎம் என்ற நிரல் 1988-லேயே இதைச் செய்தது. இன்று க்னோம் என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவோரிடம் ஜிடிஎம், கேடிஇ பயன்படுத்துவோரிடம் பெரும்பாலும் எஸ்டிடிஎம், எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவானவற்றில் லைட்டிடிஎம். உங்களுடையது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதல் கேள்வி, எதுவரை தொடங்கச் சொல்லியிருக்கிறது? கட்டளை இது: சிஸ்டம் என்ற சொல்லோடு ஒட்டி சி, டி, எல். ஒரு இடைவெளி. பிறகு கெட், சிறு கோடு, டீஃபால்ட். பதிலாக 'கிராஃபிகல் டார்கெட்' என்று வந்தால் சரி. 'மல்டி யூசர் டார்கெட்' என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கணினியை எழுத்துத் திரையோடு நிற்கச் சொல்லியிருக்கிறது. சர்வர் பதிப்பையோ குறைந்தபட்ச நிறுவலையோ எடுத்து, பின்னால் டெஸ்க்டாப்பைச் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். திருத்தம் ஒரே வரி, நிர்வாகி அதிகாரம் தருகிற சூடோ என்ற சொல்லில் தொடங்கும்: சூடோ சிஸ்டம்சிடிஎல், செட் கோடு டீஃபால்ட், கிராஃபிகல் புள்ளி டார்கெட். பிறகு ரீபூட்.

இரண்டாவது கேள்வி, டிஸ்ப்ளே மேனேஜர் என்ன நிலையில் இருக்கிறது? சிஸ்டம்சிடிஎல், ஸ்டேட்டஸ், டிஸ்ப்ளே கோடு மேனேஜர். பதில் மூன்று விதமாக வரலாம்.

'குட் நாட் பி ஃபவுண்ட்' என்றால் அப்படி ஒன்று நியமிக்கப்படவே இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது மென்பொருள் தேர்வுப் பட்டியல் ஒன்று வருமே, அதில் டெஸ்க்டாப் கட்டத்தில் குறி இல்லாமல் தொடர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். டாஸ்க்செல் என்று சூடோவோடு அடித்தால் அதே பட்டியல் மறுபடி வரும், ஸ்பேஸ் விசையால் குறியிட்டுக்கொள்ளலாம். ஆர்ச் லினக்ஸ் கதை வேறு. அங்கே ஜிடிஎம்மை நிறுவினால் மட்டும் போதாது, சிஸ்டம்சிடிஎல் எனேபிள் ஜிடிஎம் என்று நாமே சொல்ல வேண்டும். லைட்டிடிஎம் போட்டவர்கள் கவனிக்க: அதற்கு முகமாக நிற்கிற க்ரீட்டர் என்பது ஆர்ச்சில் தனியாக நிறுவ வேண்டிய பொதி. லைட்டிடிஎம், ஜிடிகே, க்ரீட்டர் மூன்று சொல்லும் கோட்டால் இணைந்த பெயர். அதை விட்டுவிட்டால் லைட்டிடிஎம் தொடங்கி உடனே விழும்.

இரண்டு டிஸ்ப்ளே மேனேஜர்களை நிறுவியிருந்தால் ஒன்றுக்குத்தான் அந்த நாற்காலி. இரண்டாவதை எனேபிள் செய்யும்போது 'ஃபைல் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்று மறுக்கும். முதலில் இருப்பதை டிஸேபிள் செய்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். டெபியன், உபுண்டு குடும்பத்தில் சூடோ, டிபிகேஜி கோடு ரீகான்ஃபிகர், ஜிடிஎம் 3 என்று அடித்தால், எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

'ஃபெயில்டு' என்று வந்தால், அல்லது 'ஆக்டிவ், ரன்னிங்' என்று சொல்லியும் திரை கறுப்பாகவே இருந்தால், சந்தேகம், கார்டை இயக்குகிற நிரலான கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. மிகுதியான தவறுகள் நடக்கிற இடம் இதுதான்.

எழுத்துத் திரையே வரவில்லை, கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3-க்கும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் தொடங்கும்போது க்ரப் பட்டியலைப் பிடிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியில் எஸ்கேப், பயாஸ் உள்ள பழைய கணினியில் ஷிஃப்ட். பட்டியலில் முதல் வரி மேல் நின்றபடி இ என்ற எழுத்தை அழுத்துங்கள். ஏழெட்டு வரிகள் வரும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்குகிற வரிக்குக் கீழம்புக்குறியால் வாருங்கள். எண்ட் விசையை அழுத்தி அந்த வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு, நோமோட்செட். நோ, மோட், செட் மூன்றும் ஒட்டி ஒரே சொல், எல்லாம் சிறிய எழுத்து. க்வயட், ஸ்பிளாஷ் என்ற சொற்கள் இருந்தால் அழித்துவிடுங்கள். அப்போதுதான் சின்னத்துக்குப் பின்னால் ஓடுகிற எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் எஃப் 10.

இந்தச் சொல் என்ன செய்கிறது? கிராஃபிக்ஸ் டிரைவர் திரையைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டாம், மதர்போர்டு கொடுத்த எளிய திரையையே வைத்துக்கொள் என்று கெர்னலிடம் சொல்கிறது. டிரைவரில்தான் கோளாறு என்றால் இதோடு லாகின் திரை பெரும்பாலும் வந்துவிடும். பெரிதாக, மங்கலாக, மெதுவாக வரும். ஆனால் வந்துவிடும்.

இங்கேதான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. நோமோட்செட் ஒரு சாவி. கதவைத் திறந்து உள்ளே போவதற்கு. திரை வந்துவிட்டதே என்று அந்தச் சொல்லை க்ரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் பரவிக்கிடக்கிறது. அப்படி எழுதியவர்களின் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், வீடியோ ஓட்டும் பாரமெல்லாம் பிராசசர் தலையில் விழும், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, இரண்டாவது மானிட்டர் ஒளிராது. லினக்ஸே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதற்குள் அந்தச் சொல்லை எழுதியதே மறந்துபோயிருக்கும். எஃப் 10 அழுத்தித் தொடங்கும்போது அது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். அப்படியே இருக்கட்டும். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போடுங்கள், அடுத்த முறை அந்தச் சொல் தேவைப்படாது.

என்விடியா கார்டில்தான் இது அதிகம். கெர்னலோடு வருகிற நூவோ என்ற டிரைவர் புதிய கார்டுகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. உபுண்டுவில் சூடோ, உபுண்டு கோடு டிரைவர்ஸ், இன்ஸ்டால் என்று அடித்தால் பொருத்தமானதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து ஏகேமாட் கோடு என்விடியா என்ற பொதியைப் போடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவல் முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் பின்னணியில் டிரைவர் உங்கள் கெர்னலுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு ரீபூட் செய்தால் டிரைவர் முழுமை பெறாமல், மறுபடி கறுப்பு.

கையெழுத்து சரியாக உள்ள நிரலை மட்டும் அனுமதிக்கிற செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு படி. உபுண்டுவில் டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். சொன்னால், அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வரும், பத்து விநாடி மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியைத் தவறவிட்டால் கெர்னல் டிரைவரை உள்ளே விடாது. சூடோ மாட்புரோப் என்விடியா என்று அடித்துப் பாருங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று பதில் வந்தால் இதுதான் காரணம். டிரைவரில் பழுதே இல்லை, கையெழுத்தை ஏற்கவில்லை என்பதுதான் பொருள்.

ஏஎம்டி கார்டு உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள்தான் விடுபடும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் கோப்பிலேயே அவை சேர்ந்துவிட்டன. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேர், ஏஎம்டி, கிராஃபிக்ஸ் மூன்று சொல்லும் கோட்டால் இணைந்த பெயருள்ள பொதியைத் தனியாகப் போட வேண்டும்.

நேரம் கைகாட்டுகிறது. கணினி தானே எழுதிவைக்கிற பதிவேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஜர்னல்சிடிஎல், கோடு பி என்று அடித்தால் இந்தத் தொடக்கத்தின் குறிப்பெல்லாம் வரும். வெளியே வர க்யூ. ஆனால் நோமோட்செட் போட்டு உள்ளே வந்திருக்கிறீர்கள் அல்லவா, இந்த முறை நடந்ததில் கோளாறு தெரியாது. தோற்றுப்போன முந்தைய தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். கோடு பி, இடைவெளி, கோடு 1. அந்தக் கோடு 1 முக்கியம். உதவி கேட்கும்போது அந்த வரிகளைக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு, ஒரே மூச்சில். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டுவது டிஎஃப், கோடு ஹெச்: இயங்குதளம் இருக்கிற மூல பார்ட்டிஷன் நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் டிஸ்ப்ளே மேனேஜரால் தற்காலிகக் கோப்பு எழுத முடியாது, லாகின் திரை வராது. கொஞ்சம் இடம் விடுவித்தால் வரும். லாகின் திரை வந்து, பாஸ்வேர்டு கொடுத்ததும் சுற்றிக்கொண்டு மறுபடி அதே திரைக்கு வந்தால், எஃப் 3-க்குப் போய் வீட்டு அடைவில் புள்ளி எக்ஸ் அத்தாரிட்டி என்ற கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நிர்வாகியான ரூட்டின் பெயரில் இருந்தால் சூடோவோடு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், அடுத்த லாகினில் உங்கள் பெயரிலேயே புதிதாக உருவாகும்.

வணக்கம்.