ஒரே சென்சார், நான்கு மடங்குக்கும் மேல் விலை! பிரீமியம் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

[திரையில்: இரண்டு கேமராக்கள் அருகருகே. பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

வணக்கம் நண்பர்களே. இடப்பக்கம் இருக்கும் கேமரா வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 1,200 டாலர். வலப்பக்கம் இருப்பதற்கு அறிவிக்கப்பட்ட விலை 5,000 யூரோ. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே 24 மெகாபிக்சல் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. லென்ஸ் மாட்டும் வளையமும் ஒன்றுதான். அப்படியென்றால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு?

[பெயர்கள் தெரிகின்றன]

இடப்பக்கம் சோனி நெக்ஸ்-7. வலப்பக்கம் ஹாசல்பிளாட் லூனார், 2012-ல் கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிமுகமானது. ஹாசல்பிளாட் சாதாரணப் பெயர் அல்ல. அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் படமெடுத்தது அந்த நிறுவனத்தின் கேமராவில்தான். திரும்பும்போது சுமையைக் குறைக்க கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, ஃபிலிம் பெட்டியை மட்டும் எடுத்து வந்தார்கள். அந்தப் பெருமையைக் கொண்டுவந்து சோனி கேமராவின் மேல் மரக் கைப்பிடியோடு ஒட்டி, நிலவின் பெயரையும் வைத்து விற்றார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ரசிகரின் மரியாதையைக் காசாக்கும் வேலை இது. சில ஆண்டுகளில் நிறுவனமே அந்த வழியைக் கைவிட்டது. 2016-ல் எக்ஸ்1டி என்று சொந்தமாக ஒரு நல்ல கேமராவைக் கொண்டுவந்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆக, விலை உயர்ந்த கேமரா அந்த விலைக்குத் தகுமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பணம் பெயருக்குப் போகிறதா, பொருளுக்குப் போகிறதா?

[திரையில்: லைக்கா எம்11]

பிரீமியம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது சிவப்புப் பொட்டு வைத்த லைக்கா. வரலாறு சுருக்கமாக: ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பார்னாக் 1914 வாக்கில் முதல் மாதிரியைச் செய்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கும் சிறு கேமரா உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் வாழ்நாள் முழுக்க நம்பியது லைக்காவைத்தான்.

இப்போது எம்11. 2022-ல் வந்தபோது விலை 8,995 டாலர். நம் பணத்தில் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது, அதுவும் லென்ஸ் இல்லாமல். ஆட்டோஃபோகஸ் கிடையாது. வீடியோ கிடையாது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த சோனி ஏ7 மார்க் 4-இல் இவை மூன்றும் இருக்கின்றன, வந்தபோது விலை 2,499 டாலர். இரண்டிலும் எடுத்த படங்களை ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினால், எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. படத் தரத்துக்காக லைக்கா வாங்கப் போகிறேன் என்று நண்பர் யாராவது சொன்னால் இந்த வீடியோவை உடனே அனுப்பிவையுங்கள்.

ஆனால் லைக்காவிடம் ஒரு பொருள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரையில்: சென்சாரின் நெருக்கப் படம். பச்சை, சிவப்பு, நீலக் கட்டங்கள்.]

உங்கள் செல்போன் உட்பட ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராக்களின் சென்சாருக்கும் நிறம் தெரியாது. ஒளி கூடுதலா குறைவா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கிறார்கள். கோடக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். சதுரங்கப் பலகையில் மூன்று நிறம் பூசியதுபோல இருக்கும். பச்சைக் கட்டத்துக்குச் சிவப்பும் நீலமும் தெரியாது. அதை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து கேமரா கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. அதாவது, உங்கள் வண்ணப் படத்தில் இருக்கும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாக அளந்தது அல்ல, கணக்கிட்டு நிரப்பியது! முதல்முறை இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

லைக்கா 2012-ல் என்ன செய்தது தெரியுமா? எம் மோனோக்ரோம் என்ற பெயரில், அந்த வடிகட்டியே இல்லாத சென்சாரோடு ஒரு கேமரா கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கும். வடிகட்டி விழுங்கிக்கொண்டிருந்த ஒளி முழுவதும் பிக்சலுக்கு வந்து சேருகிறது. ஒவ்வொரு பிக்சலும் தான் பார்த்ததையே சொல்கிறது. முகத்தின் சுருக்கமும் சேலையின் நெசவும் தனித்தனியாகத் தெரிகின்றன. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் புள்ளிகள் அருவருப்பாக இல்லாமல் பழைய ஃபிலிம்போலவே இருக்கின்றன.

[திரையில்: செம்பருத்திப் பூ, பச்சை இலை, அதே காட்சி கறுப்பு வெள்ளையில்]

இந்தச் செம்பருத்தியைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பூவும் இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. வண்ணக் கேமராவில் எடுத்திருந்தால் பிறகு கணினியில் சிவப்பைக் கூட்டிப் பூவைப் பிரித்துக் காட்டலாம். மோனோக்ரோமில் அதற்கு வழியில்லை, நிறமே பதிவாகவில்லையே! லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டி மறுபடி எடுக்க வேண்டும். இதோ, பூ வெளுத்து ஒளிர்கிறது, இலை கருத்துவிட்டது. எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இப்படி ஒருவரை யோசிக்க வைக்கும் கருவிக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

2023 ஏப்ரலில் எம்11 மோனோக்ரோம் வந்தபோது விலை 9,195 டாலர். வண்ணம் எடுக்கும் எம்11 வந்தபோது இருந்த விலையைவிட 200 டாலர் அதிகம்! இன்னும் கேளுங்கள். அதே மாதம் பென்டாக்ஸ் நிறுவனமும் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் என்று ஒன்றை அறிவித்தது. சென்சார் அளவில் சிறியதுதான். ஆனால் வடிகட்டி இல்லை, ஆட்டோஃபோகஸ் இருக்கிறது, அறிவித்தபோது விலை 2,199 டாலர். கறுப்பு வெள்ளைதான் உங்கள் மூச்சு என்றால் முதலில் அதைத் தேடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கலாம்.

விலை அதிகம் என்றால் கோளாறு இருக்காது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சேதி. லைக்காவின் முதல் டிஜிட்டல் எம் கேமராவான எம்8, 2006-ல் வந்தது, 4,795 டாலர். அதில் கறுப்பு நைலான் துணி ஊதா நிறமாகப் பதிவானது! கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை சென்சார் சரியாகத் தடுக்கவில்லை. லென்ஸில் மாட்ட இரண்டு வடிகட்டிகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது.

திருமணப் படம் எடுக்கும் தம்பிமார்களே, உங்களுக்குத் தனியாக: தாலி கட்டும் நொடி திரும்ப வராது. உங்களுக்கு வேண்டியது வேகமான ஆட்டோஃபோகஸ், இரண்டு மெமரி கார்டு, பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் சென்டர். லைக்கா உங்களுக்கு வேண்டாம். பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள்; கேமரா மாறினாலும் லென்ஸ் கூடவே வரும்.

ஆசை விடவில்லை, ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது லைக்கா எம் கேமராவின் பார்வைச் சாளரத்தில், இரண்டு உருவங்களைக் கையால் ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் சுகம் வேண்டும் என்கிறீர்களா? எனக்குப் புரிகிறது. முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் வைத்திருங்கள். லென்ஸுக்கு வோய்க்லேண்டர் போதும், ஜப்பானின் கோசினா நிறுவனம் செய்வது, லைக்காவில் அப்படியே பொருந்தும், விலையில் பெரிய வித்தியாசம்.

2009-ல் வந்த லைக்கா எம்9-ஐ செகண்ட்ஹேண்டாக வாங்குவதாக இருந்தால் கவனம். அதன் சென்சார் மேலிருக்கும் கண்ணாடி அரித்துப்போவது பேர்போன பிரச்சினை. கடையில் வைத்தே, லென்ஸின் துவாரத்தை எஃப்16 அளவுக்குச் சிறிதாக்கி, வெறும் வானத்தைப் படமெடுங்கள். கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி, சுற்றிலும் வெளிர் வளையம் தெரிந்தால் தூசி என்று கடைக்காரர் சொல்வார். துடைத்தும் போகவில்லை என்றால் வாங்காதீர்கள். சென்சார் மாற்றப்பட்டதற்கான ரசீது இருந்தால் மட்டும் விலை பேசுங்கள். அப்படி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.