திருகோணமலைத் தராசை வெளிநாட்டுக்காரர் எப்படி நம்புகிறார்?

சரி, அடுத்த கேள்வி. கொட்பே துறைமுகப் பக்கம் மீன் கொள்முதல் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறது. ஆனாலும் ஏற்றுமதிக் கொம்பனி அளவுதிருத்தச் சான்றிதழ் கேட்கிறது. முத்திரை போதாதா? இலங்கையில் கொடுக்கும் தாளை வெளிநாட்டுக்காரர் எப்படி நம்புகிறார்?"

தம்பி, முத்திரையும் சான்றிதழும் வேறு வேறு வேலை செய்பவை. சட்டம் அனுமதித்த பிழைக்குள் தராசு இருக்கிறது, வியாபாரத்துக்குப் பாவிக்கலாம் என்பதுதான் முத்திரை. பிழை எவ்வளவு, எந்தப் படிக்கல்லோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இராது. அதைச் சொல்லத்தான் சான்றிதழ்.

இது வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் மின்னணுத் தராசு உணர்வது, மீனைப் பூமி இழுக்கும் விசையை. அதை வைத்துத்தான் கிலோவைக் காட்டுகிறது. அந்த இழுவை இடத்துக்கு இடம் மாறும். அந்த இழுவையின் அளவான புவியீர்ப்பு ஆர்முடுகல் பாரிஸில் செக்கன் வர்க்கத்துக்கு ஏறக்குறைய 9.81 மீட்டர், நமது திருகோணமலையில் 9.78. பாரிஸில் சரிபார்த்த தராசை அப்படியே கொண்டுவந்து இங்கே 100 கிலோ கெலவல்லா மீனை ஏற்றிப் பாருங்கள், கால் கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். தராசில் பழுது ஒன்றும் இல்லை. ஆனால் கடலுக்குப் போய் வந்தவருடைய காசு போகிறது. அதனால்தான் பாவிக்கிற இடத்திலேயே படிக்கல் வைத்துத் திருத்த வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம், அந்தப் படிக்கல்லே சரியா என்று கேட்க வேண்டும் இல்லையா? ஒரு கிலோ படிக்கல்லை எடுங்கள். படிக்கற்களைத் துல்லியத்தின்படி வகை பிரித்திருக்கிறார்கள். எம் 1 வகை என்றால் 50 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம். அதைச் சோதிக்க எஃப் 1 வகை, அதற்கு 5 மில்லிகிராம். அதையும் சோதிக்க ஈ 2 வகை, வெறும் 1.6 மில்லிகிராம். இப்படியே மேலே போனால், 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் தேசிய நியமங்களில் போய் நிற்கும். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நிச்சயமின்மை, அதாவது முடிவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். நடுவில் ஒரு படி அறுந்தாலும் மேலே உள்ளதெல்லாம் உங்களுக்கு உதவாது.

இனி வெளிநாட்டுக்காரர் விஷயம். 1875 மே 20ஆம் திகதி எல்லோரும் ஒரே அளவுகளைப் பாவிப்பதற்காக 17 நாடுகள் பாரிஸில் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இலங்கை பிற்காலத்தில் அந்த உடன்படிக்கையின் பொது மாநாட்டில் இணை நாடாகச் சேர்ந்தது. ஆனால் உடன்படிக்கை இருக்கிறது என்பதற்காக யாரும் யாரையும் நம்பிவிடுவதில்லை. 1999இல் தேசிய அளவீட்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று ஏற்கும் ஏற்பாட்டைச் செய்தபோது, பரீட்சை வைத்தே ஏற்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரே படிக்கல் நாடு நாடாகப் பயணம் போகும். ஒவ்வொரு ஆய்வுகூடமும் மற்றவர் கண்ட பெறுபேற்றைப் பார்க்காமல் தன் பெறுபேற்றையும் நிச்சயமின்மையையும் எழுதிக் கொடுக்கும். பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுவார்கள். யார் விலகி நிற்கிறார்கள் என்று உலகமே பார்க்கலாம். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேச்சே அங்கே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

கிலோகிராமே இப்போது அப்படித்தான் நிற்கிறது. 1889 முதல் பாரிஸுக்கு அருகே பெட்டகத்தில் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோ. அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே நூறு வருடத்தில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. எது மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் 2019 மே 20 முதல், இயற்கையில் மாறாத ஓர் எண்ணான பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்த மாறிலியிலிருந்து கிலோவை உண்டாக்கிய ஆய்வுகூடங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று போதிய அளவு ஒத்துப்போகவில்லை. ஆகவே 2021 பெப்ரவரியிலிருந்து, ஒப்பீடுகளில் கிடைத்த முடிவுகளைச் சேர்த்துக் கணித்த ஓர் இணக்கப் பெறுமதியைத்தான் உலகம் பாவிக்கிறது. அந்த எண்ணின் நிச்சயமின்மை 20 மைக்ரோகிராம்.

மீனில் பாதரசம் பார்ப்பதும் இதே கதைதான். சூரை இனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். 0.95 என்று ஒரு பெறுபேறு வந்தால், கூட்டியோ குறைத்தோ எவ்வளவு என்று தெரியாமல் அந்தப் பெட்டியை அனுப்பலாமா, கூடாதா?

ஆகவே தம்பி, சான்றிதழ் கையில் வந்ததும் "தேர்ச்சி" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நிச்சயமின்மை எழுதியிருக்கிறதா, தராசைக் கொட்பேயிலேயே வைத்துச் சோதித்தார்களா, படிக்கல்லின் சான்றிதழ் இலக்கம் இருக்கிறதா, ஆய்வுகூடங்களின் திறமையைச் சோதித்து ஏற்கும் இலங்கை தரப்படுத்தல் சபையின் (SLAB) அங்கீகாரம் இந்த அளவீட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் ஆய்வுகூடத்துக்கு வெப்பமானிக்கு அங்கீகாரம் இருக்கும், தராசுக்கு இராது. காசு கட்டுவதற்கு முன்பே அங்கீகாரப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.